பாதிச் சவரம்

அந்தத் தெருவில் அவரை ரேடியோ என்றால்தான் தெரியும். காலையில் சலூனின் ஷட்டரைத் தூக்கும்போது தொடங்குகிற பேச்சு, அதை இறக்கும்போதும் ஏதோ ஒரு கதையின் நடுவில்தான் இருக்கும். நாற்காலியில் இருப்பவர் தூங்கிப்போனாலும் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். வாய் ஓடினால்தான் கை நிதானமாக இருக்கும் என்பது அவர் கட்சி. "பேசாம சவரம் பண்ணச் சொன்னா எனக்குக் கை நடுங்கும் சார்" என்பார். அப்படி யாரும் அவரைச் சோதித்துப் பார்த்ததில்லை. அதற்கு அவர் இடம் கொடுத்ததும் இல்லை.

சலூனின் குறுக்கே ஒரு பச்சைத் திரை. முன்பக்கம் ஆண்களுக்கு. பின்பக்கம் பெண்களுக்கு, அங்கே அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். முன்பக்கம் ஆள் இருக்கும்போது அவள் திரையைத் தாண்டமாட்டாள். பின்பக்கம் ஆள் இருந்தால் அவர் தாண்டமாட்டார். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. அதனால் அக்கா தன் கணவரின் வேலையைக் காதால் பார்க்கக் கற்றிருந்தாள். பிளேடை இரண்டாக உடைத்துக் கத்தியில் செருகும் சின்ன 'டிக்', குவளையில் பிரஷ் சுழலும் சத்தம், நாற்காலியைச் சாய்க்கும்போது எழும் முனகல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கத்தி கன்னத்தில் இருக்கிறதா, கழுத்துக்கு இறங்கிவிட்டதா என்பதைக்கூடச் சொல்லிவிடுவாள். அவருடைய பேச்சைத்தான் அவள் கேட்பதில்லை. அது மின்விசிறிச் சத்தம் மாதிரி.

அன்றைக்கு மட்டும் அவள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரணம் அவள் தம்பி. ஒரு மெத்தைக் குடோனுக்கு வேன் ஓட்டுகிறவன். போன வாரம் குடோன் வாட்ச்மேன் அவனை உள்ளே விடாமல் வெயிலில் நிறுத்திவைத்ததில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. "உன்னை ஒரு நாள் வெச்சுக்கறேன்" என்று பத்துப் பேர் முன்னால் கத்திவிட்டு வந்தான். முந்தாநாள் சாயங்காலம் அந்தக் குடோன் தீப்பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

தீ வைத்தது தம்பி இல்லை. ஆனால் அவன் அங்கே இருந்தான். வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், ஷட்டருக்கு அடியிலிருந்து புகை வருவதைப் பார்த்து அதைத் தூக்கியிருக்கிறான். தீ ஒரே வீச்சாக முகத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் மேற்கொண்டு நுழைய முடியவில்லை. யாரோ கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டதும் போன வாரம் பேசிய பேச்சு ஞாபகம் வந்திருக்கிறது. ஓடி வந்துவிட்டான். நேராக இந்தக் கடைக்குத்தான் வந்தான். ஐந்து வருடம் ஆசையாக வளர்த்த தாடி, நுனியெல்லாம் மணிமணியாகச் சுருண்டு நாறியது. ரேடியோதான் அவனை உட்காரவைத்து அதை வழித்து எடுத்தார். தம்பி அழுதுகொண்டே இருந்தான். "முகத்தை ஆட்டாதேடா, வெட்டிடப் போவுது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தரையில் விழுந்ததை அக்காதான் பெருக்கி, பின்கட்டில் இருக்கும் முடி மூட்டையில் போட்டாள். கடையில் விழும் முடியெல்லாம் அந்தச் சாக்கில்தான் சேரும். நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் உரத்துக்கு வந்து எடுத்துப் போவார். அன்றைக்கு அதைப் போடும்போது அவள் எதையும் யோசிக்கவில்லை. கை பழக்கத்துக்குப் பெருக்கியது.

நேற்று, வாடிக்கையாக வரும் வக்கீலம்மா தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்தபோது அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா தலை முழுக்கச் சாயமும் அதற்கு மேலே பிளாஸ்டிக் உறையுமாக, கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஸ்டேஷன்லேருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். சும்மா ஒரு பேச்சுக்கு வந்துட்டுப் போன்னு தம்பிகிட்ட சொன்னாங்களாம்."

"சும்மா பேச்சுன்னு ஒண்ணு அவங்ககிட்ட கிடையாது. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். நாளைக்கு எனக்கு வெளியூர்ல கேஸ். நாளன்னிக்குக் காலையில நானே அவனைக் கூட்டிட்டுப் போறேன். நடந்தது நடந்தபடி சொல்லட்டும், ஆனா நான் பக்கத்துல உக்காந்த பிறகு. அதுவரைக்கும் மூணு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோவின் குரல் வந்தது. "தப்பு பண்ணாதவன் எதுக்கு மேடம் வாயை மூடணும்?"

"தப்பு பண்ணாதவன்தான் சார் நிறையப் பேசுவான். பண்ணவன் யோசிச்சுப் பேசுவான்." வக்கீலம்மா உறைக்குள்ளிருந்து வழிந்த சாயத்தை விரலால் தடுத்தார். "பேர் கேட்டா சொல்லுங்க, விலாசம் கேட்டா சொல்லுங்க. மத்ததுக்கெல்லாம், வக்கீல் வந்த பிறகு பேசறேன்னு ஒரே பதில். அது திமிர் இல்ல, உங்க உரிமை. அதுக்காகப் பொய் சொல்லிடாதீங்க. அந்த உரிமை யாருக்கும் இல்ல. எதையும் ஒளிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. கடையைச் சோதனை போடணும்னா கோர்ட்டு வாரண்ட் பேப்பர் கேளுங்க. பேப்பர் இல்லாம கேட்டா, சம்மதம் இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லணும். சும்மா தலையைச் சொறிஞ்சுட்டு நின்னா சம்மதம்னு எழுதிப்பாங்க. ஏம்மா, காது எரியுதே, துடைச்சு விடேன்."

நேற்று ராத்திரி வீட்டில் ஒத்திகை நடந்தது. தம்பி டார்ச் லைட்டை ரேடியோவின் முகத்தில் அடித்துப் போலீசானான்.

"தீப்பிடிச்ச அன்னிக்கு உன் மச்சான் எங்கேடா இருந்தான்?"

"வக்கீல் வந்த பிறகு பேசறேன்."

"உன் பொண்டாட்டி சமையல் எப்படி?"

"வக்கீல் வந்த பிறகு பேசறேன்."

"அந்தக் குடோன் முதலாளிக்கு யார் முடி வெட்டறது? படுகேவலமா இருக்கே."

"அட, அதை ஏன் கேக்கறே! பின்னங்கழுத்துல மிஷினை வெச்சு..." என்று ரேடியோ ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். அக்கா கரண்டியால் பாத்திரத்தில் தட்டினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. ஸ்டேஷன், மேஜை, மூடிய கதவு, முகத்தில் வெளிச்சம் என்று அவர்கள் நினைத்துப் பார்த்த இடத்தில் அவர் வாயை யாராலும் திறந்திருக்க முடியாது.

ஆனால் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார்.

மத்தியான நேரம். பின்பக்கம் டீச்சர் ஒருத்தி புருவம் திருத்திக்கொள்ள வந்திருந்தாள். அடுத்த தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள், சத்தமாகவே பேசுவாள். அவளைச் சாய்த்து உட்காரவைத்து, அக்கா நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு புருவம் முடிந்திருந்தது. இன்னொன்றில் நூலை வைக்கும்போது முன்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. செருப்பு இல்லை, பூட்ஸ்.

"தாடி எடுக்கணும். ஆள் இல்லைதானே?"

"வாங்க சார், உக்காருங்க."

"ஸ்டேஷன்லேருந்துதான் வர்றேன். இன்ஸ்பெக்டர். முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் சொல்லலையேன்னு இருக்கக் கூடாது பாருங்க. பயப்படாதீங்க. கன்னம் அரிக்குது, அதுக்குத்தான்."

நாற்காலி முனகியது. அக்காவின் கையில் நூல் நின்றது.

"என்னக்கா?" என்றாள் டீச்சர் கண்ணை மூடியபடி.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பல்லில் நூல்.

பிளேடு 'டிக்' என்று உடைந்தது. தண்ணீர். பிரஷ். ரேடியோவின் பேச்சு மட்டும் இல்லை. அந்தக் கடையில் அப்படியொரு அமைதியை அக்கா கேட்டதே இல்லை. தெருவில் யாரோ இரும்புக் கதவைச் சாத்துவது கேட்டது. சரி, தாங்குவார் என்று நினைத்துக்கொண்டு நூலை மறுபடி புருவத்தில் வைத்தாள்.

"என்ன சார், உங்களை ரேடியோன்னு சொன்னாங்க. இன்னிக்கு ஒலிபரப்பு இல்லையா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். நல்ல சிரிப்பு. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் சிரிக்கிற மாதிரி.

"தொண்டை கட்டிடுச்சு சார்."

அக்கா நூலை அழுத்திக் கடித்தாள். முதல் பொய். சின்னதுதான், ஆனால் பொய்.

"உடம்பைப் பார்த்துக்கங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். நாளைக்குத்தான் உங்க வக்கீலம்மா வர்றாங்களே, அங்கே பேசிக்கலாம். நான் வந்தது என் தாடிக்கு."

கத்தி கன்னத்தில் இறங்கியது. சர், சர் என்று நீளமான இழுப்பு.

"உங்க கை லேசா இருக்கு சார். எங்க ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தர் இருக்கார். கன்னத்தை உரிச்சு எடுத்துடுவார்."

"புது பிளேடு போடமாட்டார் சார் அவர்." அது வெளியே வந்துவிட்டது. தொண்டைக்கட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்படியா விஷயம்! நானும் என் தோல்தான் சரியில்லைன்னு நெனச்சுட்டேன்."

"உங்க தோலுக்கு என்ன சார்? மோவாய்கிட்ட சுழி இருக்கு. அங்கே மட்டும் எதிர்ப்பக்கமா போகக் கூடாது. அது தெரியணும்."

அக்கா இருமினாள். நூலைக் கடித்தபடி இருமினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அது கேட்டதாகவே தெரியவில்லை. அவருடைய நாற்காலி, அவருடைய கண்ணாடி, அவர் கையில் சாய்ந்து கிடக்கும் ஒரு கன்னம். அந்த இடத்தில் அவர் யாருக்கும் பயந்ததில்லை.

"உங்ககிட்டயே ஒரு சந்தேகம் கேக்கலாமா? வீட்ல நேத்து அடுப்புல குனிஞ்சாங்க. முன்முடி குப்புன்னு கருகிடுச்சு. அழுகை தாங்கல. திரும்ப வளருமா சார் அது?"

"வேர்ல படலைன்னா கட்டாயம் வளரும் சார்."

"நுனியை மட்டும் கத்திரிச்சு விட்டுடலாம்னு சொல்றாங்க."

"ஐயய்யோ, கத்திரியை வெக்கவே கூடாது! அங்கேதான் எல்லாரும் தப்பு பண்றாங்க." ரேடியோவின் குரல் முழு அளவுக்கு வந்துவிட்டது. "கருகின முடி நுனியில உருண்டு மணி மாதிரி ஆயிடும் சார். கத்திரி போட்டா பிடிச்சு இழுக்கும், மிஷின் போட்டா சிக்கிக்கும். வெந்நீர்த் துணியைப் போட்டு ஊறவெச்சு, கத்தியால அடியோட எடுக்கணும். முந்தாநாள்கூடப் பாருங்க, ஒரு தாடி..."

அக்கா நூலைத் துப்பினாள்.

"...அஞ்சு வருஷத் தாடி சார், கழுத்து வரைக்கும் கருகி..."

திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. அக்கா முன்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஆள் இருக்கும்போது அவள் அந்தத் திரையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ரேடியோ கத்தியைத் தூக்கியபடி வாயைத் திறந்து நின்றார். கண்ணாடியில் தன் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கே உறைத்தது. கத்தியை மெல்லக் கீழே இறக்கினார்.

"இவர் இனிமே எதுவும் பேசமாட்டார் சார்" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது, இன்னொன்றில் நுரை. கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, முடியைப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்."

"முடியைப் பத்தியும் பேசமாட்டார். எதுவா இருந்தாலும் எங்க வக்கீல் வந்த பிறகுதான்."

"சரி, அவர் பேச வேண்டாம். யாரோட தாடி அதுன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானும் பேசமாட்டேன்."

அவர் தலையாட்டினார், பிள்ளை கவிதை ஒப்பித்ததைக் கேட்கிற மாதிரி. "நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. கடையில விழற முடியெல்லாம் எங்கே போகும்? பின்னாடியா? ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடறேன்."

"பேப்பர் இருக்கா சார்?"

"மடியில கனம் இருக்கறவங்கதான் பேப்பர் கேப்பாங்க."

அக்காவுக்கு வக்கீலம்மா சொன்னது ஞாபகம் வந்தது. தலையைச் சொறிந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். கைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். "எனக்குச் சம்மதம் இல்லை" என்றாள். குரல் சின்னதாக வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். "எனக்குச் சம்மதம் இல்லை சார்."

திரையின் பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "எனக்கும் கேட்டுச்சு. தெளிவாக் கேட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஒற்றைப் புருவம் வில்லாகவும் மற்றது புதராகவும் திரை ஓரத்தில் நின்றாள். அவர் ஒரு நொடி சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு கழுத்துத் துணியால் நுரையைத் துடைத்தார். துணியை அவரே மடித்துக் கைப்பிடியில் போட்டார்.

"மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும். பேப்பரோட வந்து எடுத்துக்கறேன். வாசல்ல நம்ம ஆள் ஒருத்தர் நிப்பார். பின்கட்டுல எதுவும் காணாமப் போச்சுன்னா, அது வேற கேஸ் ஆயிடும். உங்க வக்கீலம்மா அதையும் சொல்லியிருப்பாங்களே?"

பாதித் தாடியோடு, பட்டப்பகலில், தெருவே பார்க்க நடந்து போனார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எதிர்ச்சுவரில் ஒரு கான்ஸ்டபிள் சாய்ந்து நின்றுகொண்டு கடையையே பார்த்தார்.

ரேடியோ நாற்காலியின் கைப்பிடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாக்கை அறுத்துப் போடணும் எனக்கு" என்றார். "அவன் கேட்டது கேஸைப் பத்தி இல்லையே. முடியைப் பத்தித்தானே கேட்டான். முடியைப் பத்திக் கேட்டா எப்படிம்மா சொல்லாம இருக்கறது?"

அவர் சட்டென்று எழுந்தார். "மூட்டை... பின்கட்டுல அந்த மூட்டை. ஒரு நெருப்புக்குச்சி போதும். இல்லாட்டி பாத்ரூம்ல தண்ணியை ஊத்தி..."

"உக்காருங்க."

"யாருக்கும் தெரியாதும்மா."

"உக்காருங்கன்னேன்."

அவள் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் பஸ் ஓடும் சத்தம். வக்கீலம்மா கேஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

"தொடாதே. ஒரு முடியைக்கூடத் தொடாதே" என்றார். "அவன் செய்யாத குத்தத்தோட நீங்க செஞ்ச குத்தத்தைச் சேர்த்துடாதீங்க. தாடி கருகினது அவன் ஷட்டரைத் தூக்கினதுக்கும் சாட்சிதான்மா. அதை யார் முதல்ல சொல்றாங்கங்கறதுலதான் விஷயம் இருக்கு. போலீஸ் கண்டுபிடிச்சா அவன் ஒளிச்சான். அவனே சொன்னா அவன் சொன்னான். நாளைக்கு வேண்டாம், இப்பவே போயிடலாம். அவனை ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லு. நான் இறங்கற வரைக்கும் வாசல்லயே நிக்கணும், உள்ளே கால் வெக்கக் கூடாது."

அக்கா தம்பிக்குப் போன் போட்டு, உடனே ஸ்டேஷன் வாசலுக்குப் போகச் சொன்னாள்.

"மாமா சொல்லிட்டாரா?" என்றான்.

"ம்."

"திட்டாதேக்கா அவரை. இன்ஸ்பெக்டர் மட்டும் இல்ல, யார் முடியைப் பத்திக் கேட்டாலும் அவர் சொல்லத்தான் செய்வார்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அக்கா, உள்ளே அடிப்பாங்களா?"

அக்கா திரையைப் பிடித்துக்கொண்டாள். "வக்கீலம்மா பக்கத்துல இருப்பாங்க. அவங்க உக்காந்த பிறகு பேசு. நடந்தது நடந்தபடி. ஓடி வந்ததையும் சொல்லு, அதை விட்டுடாதே. எழுதினதைப் படிக்காம கையெழுத்துப் போடாதே. நாலு தடவை வேணும்னாலும் படி."

"நான் படிப்புல எப்படின்னு உனக்குத்தான் தெரியுமே."

"எழுத்துக் கூட்டிப் படி. அவங்க காத்திருக்கட்டும்."

போனை வைத்த பிறகு கடையில் வேலை எதுவும் நடக்கவில்லை. உள்ளே நுழைய வந்த ஒன்றிரண்டு பேர் எதிர்ச்சுவரில் நிற்பவரைப் பார்த்துவிட்டு, எங்கோ போகிறவர்கள் மாதிரி நேராகப் போனார்கள். தினமும் ஓசியில் பேப்பர் படிக்க வரும் கிழவர்கூட வரவில்லை. அக்கா பின்கட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு, மூட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாக்கிலிருந்து புகை நாற்றம் வருவது மாதிரி அவளுக்கு இருந்தது. வந்ததா, நினைப்பா என்று தெரியவில்லை.

"நீங்க கிளம்புங்க டீச்சர்" என்றாள். "உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"ஒத்தைப் புருவத்தோட நான் எங்கே போறது? பிள்ளைங்க சிரிக்கும்." டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "பேப்பர் வரட்டும். வாசிக்க ஆள் வேணாமா?"

வெயில் சாய்கிற நேரத்தில் பேப்பர் வந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் இன்னும் பாதியாகவே இருந்தது. டீச்சர் பேப்பரை வாங்கி, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். கடையின் விலாசம், தேதி, எதைத் தேட வந்திருக்கிறார்கள், யார் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக. வாசித்து முடிக்கும்வரை யாரும் நகரவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து வழிவிட்டாள்.

கையுறை போட்ட இரண்டு பேர் மூட்டையைக் கட்டி, முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். இறந்தவரை வெளியே கொண்டுபோகிற மாதிரி மெதுவாக, வாசல்படியில் இடிக்காமல் தூக்கிப் போனார்கள். எடுத்துக்கொண்டதற்கு ஒரு சீட்டு கேட்டாள் அக்கா. கொடுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் போகவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கழுத்தைச் சாய்த்தார்.

"மீதிப் பாதி" என்றார்.

ரேடியோ மனைவியைப் பார்த்தார். வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லலாமா கூடாதா என்று வக்கீலம்மா சொல்லியிருக்கவில்லை. அக்கா மெல்லத் தலையசைத்தாள். திரையை முழுசாகத் தள்ளிவிட்டு அங்கேயே நின்றாள்.

பிளேடு உடைந்தது. இந்தத் தடவை ஒரே முயற்சியில் உடையவில்லை.

"உங்க மச்சான் ஸ்டேஷனுக்கு எனக்கு முன்னாடி வந்துட்டான்" என்றார் இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தபடி. "வாசல்லயே நின்னான். உள்ளே வா, தண்ணி குடின்னு கூப்பிட்டாங்க. வக்கீல் வரட்டும்னு வெயில்ல நின்னான். தாடியைப் பத்தி அவனே சொல்லிட்டான், நாங்க கேக்கறதுக்குள்ள. எழுதினதை எழுத்துக் கூட்டிப் படிக்கறான், வாக்குமூலம் எழுதற எங்க ரைட்டருக்குத் தூக்கமே வந்துடுச்சு."

கத்தி காதுக்குக் கீழே இறங்கியது. சர். நின்றது. சர்.

"விட்டுட்டோமான்னு கேக்கமாட்டீங்களா?"

ரேடியோவின் தாடை அசைந்தது. கேள்வி உதடு வரைக்கும் வந்து நிற்பதை அக்கா பார்த்தாள். அவர் அதை மென்று விழுங்கினார்.

"விடலை. வாட்ச்மேன் கண்ணு முழிக்கணும். முழிச்சு என்ன சொல்றார்னு பார்க்கணும். முழிக்கலைன்னா..." இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். "தாடி எடுக்கும்போது அவன் அழுதானா சார்? அதை மட்டும் சொல்லுங்க. அவனுக்கு நல்லதுக்குத்தான் கேக்கறேன். அழுதவன் குத்தவாளியா இருக்கமாட்டான்னு நானே எழுதிடுவேன்."

அழுதான். விக்கி விக்கி அழுதான். அதைச் சொன்னால் என்ன? அக்காவுக்கே நாக்கு நுனியில் நின்றது. நல்லதுக்குத்தான் கேட்கிறேன் என்கிறாரே. ஆனால் பயந்து அழுதான் என்றும் எழுதலாம், செய்ததை நினைத்து அழுதான் என்றும் எழுதலாம். பேனா அவர் கையில்.

கத்தி கழுத்துக்கு வந்திருந்தது. ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மோவாய்ச் சுழி வந்தது. நெற்றியில் வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. துடைக்கக் கை ஒழியவில்லை. அக்கா அவர் விரல்களையே பார்த்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. விளையாட்டுக்குச் சொல்வார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு புள்ளி கிளம்பியது.

டீச்சர் கைப்பையை இறுக்கினாள். இன்ஸ்பெக்டர் விரலை எடுத்துக் கழுத்தில் வைத்தார். சிவப்பை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பேசாம வேலை பார்த்தா இப்படித்தான் ஆகும் போல" என்றார்.

ரேடியோ படிகாரக் கட்டியை நனைத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். அப்போதும் பேசவில்லை. மீதி நுரையை வழித்தார். துடைத்தார். நாற்காலியை நிமிர்த்தினார். இன்ஸ்பெக்டர் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார். வாசலில் நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

"நல்ல கை" என்றார். "தாடி தினமும் வளருதே சார். நாளைக்கும் வர்றேன்."

பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. எதிர்ச்சுவரில் நின்றவர் மட்டும் போகவில்லை.

அக்கா பின்பக்கம் போனாள். டீச்சர் சொல்லாமலே சாய்ந்து கண்ணை மூடினாள். அக்கா புது நூல் எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, விட்ட இடத்தில் வைத்தாள். நூல் ஏறி இறங்கியது. முன்பக்கம் குழாய் திறந்தது, மூடியது. பேச்சு இல்லை. அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. பாதிப் புருவத்தில் மறுபடியும் நூலை எடுத்துவிட்டாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "நாளைக்கு அவர் வந்தா?"

குவளையைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"தலையைக் கொஞ்சம் சாய்ங்கன்னு சொல்லுவேன்" என்றார் ரேடியோ. குரல் கரகரத்தது, நிஜமாகவே தொண்டை கட்டியவர் மாதிரி. "அவ்வளவுதான்."